நல்ல கருவி ஏன் விற்காமல் கிடக்கிறது: ரப்பர் பால் மீட்டர் செய்தவர்களுக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். மார்த்தாண்டம் பக்கம் நான்கு இன்ஜினியர்கள் சேர்ந்து, ரப்பர் பாலில் உலர் ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்பதை, அதாவது டி.ஆர்.சி.யை, ஒன்றரை நிமிடத்தில் காட்டும் கருவி செய்திருக்கிறீர்கள். லேப் முடிவோடு ஒத்துப் பார்த்ததில் வித்தியாசம் அரைப் புள்ளிக்கு, அதாவது சதவீதக் கணக்கில் அரைக்கு, மேல் போகவில்லை. விலை 32,000 ரூபாய். இரண்டு போட்டிகளில் பரிசு, ஒரு அரசு மானியம், பேப்பரில் போட்டோவோடு ஒரு செய்தி. ஆனால் ஒன்றரை வருடத்தில் விற்றது பதினொன்று, அதிலும் நான்கு சொந்தக்காரர்களுக்கு. "தொழில்நுட்பத்தில் பலமான ஸ்டார்ட்அப்கள் மார்க்கெட்டிங் பலவீனத்தால் தோற்பது ஏன்? மாதம் 40,000 சம்பளத்துக்கு ஒரு மார்க்கெட்டிங் ஆளைப் போட்டால் சரியாகுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். எழுத்தில் இருப்பது இந்த இரண்டு கேள்விதான். ஆனால் அடியில் ஓடுவது வேறு: செய்ய வேண்டியதை எல்லாம் ஒழுங்காகச் செய்த பிறகும் ஜனங்கள் ஏன் வாங்க மாட்டேன் என்கிறார்கள்? நான் அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ஆய்வகக் கருவிகளும் விவசாயக் கருவிகளும் விற்றுப் பிழைத்தவன். கேரளத்திலும் தென் மாவட்டங்களிலும் பல வருடம் பை தூக்கி அலைந்துவிட்டு, இப்போது நாகர்கோவிலில் இருந்துகொண்டு சிறு நிறுவனங்களுக்கு விற்பனை விஷயத்தில் உதவுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் என் துறை இல்லை. உங்கள் சென்சார் நல்லதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, நீங்கள் சொன்ன அரைப் புள்ளியை அப்படியே நம்பிக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். தோட்டக்காரர்களிடம் ரப்பர் வாங்கும் கடைகளின் வாசலில் நின்று பார்த்த விஷயங்களை மட்டும் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில், "மார்க்கெட்டிங் பலவீனத்தால் தோற்பது" என்ற பேச்சே எவ்வளவு உண்மை? இதற்கு எல்லாரும் மேற்கோள் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. சி.பி. இன்சைட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், மூடப்பட்ட 101 ஸ்டார்ட்அப்களின் நிறுவனர்களும் முதலீட்டாளர்களும் தோல்விக்குப் பிறகு சொன்ன காரணங்களைத் தொகுத்தது. அதில் மோசமான மார்க்கெட்டிங் என்று சொன்னவர்கள் 14 சதவீதம்தான். முதலிடத்தில் 42 சதவீதத்தோடு நின்றது, அந்தப் பொருள் சந்தைக்குத் தேவைப்படவில்லை என்ற காரணம். பணம் தீர்ந்துபோனது 29. ஒரே நிறுவனம் இரண்டு மூன்று காரணம் சொல்லலாம் என்பதால் கூட்டினால் நூறைத் தாண்டும். 2021-இல் புதிய தொகுப்பு ஒன்று போட்டார்கள், அதில் பணம் தீர்ந்தது 38, தேவை இல்லாதது 35. இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோற்றவர்கள் தாங்களே எழுதிய காரணங்கள் இவை, தன் பொருளே மோசம் என்று எழுதுகிறவர் குறைவு. பணம் தீர்ந்தது என்பதும் காரணமா விளைவா என்று பிரிக்க முடியாது, விற்கவில்லை என்றால் பணம் தீரத்தானே செய்யும்? ஆனாலும் ஒரு விஷயம் இதில் தெளிவாகத் தெரிகிறது. விளம்பரம் போதாமல் செத்தவர்களைவிட, யாருக்கு விற்கிறோம் என்று தெரியாமல் செத்தவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் இரண்டாவது வகையும் மார்க்கெட்டிங் பலவீனம்தான், இன்னும் சொன்னால் அதுதான் முதல் பலவீனம். நோட்டீஸ், யூடியூப், ஸ்டால் எல்லாம் அதற்கு அப்புறம் வருபவை.

இன்னொரு பழைய கதையையும் தட்டிவிட்டுப் போகலாம், ஏனென்றால் இன்ஜினியர்கள் ஆறுதலுக்கு எப்போதும் அதைத்தான் எடுப்பார்கள். சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட் படத்தரத்தில் உயர்ந்தது, ஆனாலும் போட்டிக் கேசட்டான வி.எச்.எஸ். மார்க்கெட்டிங்கால் அதை ஒழித்துவிட்டது என்பார்கள். 1975-இல் வந்த பீட்டாமேக்ஸ் கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதிவு செய்ய முடிந்தது. அடுத்த வருடம் வந்த வி.எச்.எஸ்.ஸில் இரண்டு மணி நேரம். வீட்டில் உட்கார்ந்து முழுப் படத்தையும் ஒரே கேசட்டில் பதிவு செய்ய நினைத்தவருக்கு எது நல்ல தொழில்நுட்பம்? சோனி பிறகு நேரத்தைக் கூட்டியது, வி.எச்.எஸ். முகாமும் கூட்டியது, உரிமம் கொடுத்து நிறைய கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டது, அதெல்லாம் நீண்ட கதை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: தரம் என்று நாம் அளப்பது ஒன்று, வாங்குகிறவர் அளப்பது இன்னொன்று. நீங்கள் உங்கள் பலம் என்று எழுதியிருக்கும் அந்த அரைப் புள்ளி யாருடைய அளவுகோல் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

சரி, உங்கள் கருவிக்கே வருவோம். ரப்பர் பரிச்சயம் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மரத்தில் இருந்து வரும் பாலில் ரப்பர் பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். மர வகை, சீசன், மழை, பால் எடுக்கப் பட்டையை வெட்டும் முறை எல்லாவற்றையும் பொறுத்து இது மாறும். ஆகவே பாலாக விற்கும்போது லிட்டருக்கு விலை கிடையாது, உள்ளே இருக்கும் ரப்பருக்குத்தான் விலை. சரியான முறை என்றால், கொஞ்சம் பாலை எடை போட்டு, ஆசிட் விட்டு உறையவைத்து, மெல்லிசாக அழுத்தி, சுமார் 70 டிகிரி ஓவனில் ஒரு ராத்திரி முழுக்க உலர்த்தி மறுபடி எடை போட வேண்டும். காலையில் பால் கொண்டுவந்தவர் மறுநாள் வரை காத்திருக்க மாட்டார் இல்லையா? அதனால் கடைகளில் மெட்ரோலாக் என்ற மிதவைக் குழாய்தான். ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, உயரமான ஜாடியில் ஊற்றி, மேலே நிற்கும் நுரையைக் கையால் வழித்துவிட்டு, கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவார்கள். அது நிற்கும் இடத்துக் கோட்டைக் கடைக்காரர் குனிந்து பார்த்து ஓர் எண் சொல்வார். பால் கொண்டுவந்தவரும் எதிர்ப் பக்கத்தில் இருந்து குனிந்து பார்ப்பார், அவருக்கு வேறு எண் தெரியும். சூடு, தண்ணீர் கலந்த அளவு, பால் உறையாமல் இருக்க அமோனியா விட்டிருப்பது, நுரை, கண் நிற்கும் உயரம், எல்லாமே அந்த எண்ணைக் கொஞ்சம் இழுக்கும். இந்தக் குழப்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் கருவி செய்தீர்கள். பிரச்சினை நிஜம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் உங்கள் நோட்டீஸில் இருப்பது ஒரு சிறு விவசாயியின் படம், "உழைப்புக்கு ஏற்ற ஊதியம்" என்ற வாசகம். அப்படியானால் நீங்கள் விற்கப் பார்த்தது தோட்டக்காரருக்கு. அவர் கணக்கை அவர் போடுவதுபோலப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு வெட்டு நாளில் 20 லிட்டர் பால் கிடைக்கிறது என்று வையுங்கள். கடைக்காரரின் எண் ஒரு புள்ளி குறைவாக இருந்தால் அவருக்கு நஷ்டம் 200 கிராம் ரப்பர். கிலோ 200 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். வருடத்தில் 100 வெட்டு நாள் என்றால் 4,000 ரூபாய். உங்கள் 32,000 ரூபாய் திரும்ப எட்டு வருடம். அதுவும் கடைக்காரர் தினமும் தப்பாமல் ஒரு புள்ளி குறைத்துக்கொண்டே வந்தால். அப்புறம், வீட்டில் கருவி 36 காட்டியது, கடையில் மெட்ரோலாக் 34 காட்டியது என்றால் அவர் என்ன செய்ய முடியும்? கடைக்காரரிடம் சண்டை போடலாம், அல்லது பாலை அடுத்த கடைக்குத் தூக்கலாம். சின்ன ஊரில் பால் வாங்க இருப்பதே ஒன்றிரண்டு கடை, மழைக்காலத்தில் முன்பணம் கொடுத்தவரும் பெரும்பாலும் அதே கடைக்காரர்தான். உங்கள் கருவி அவருக்குக் கொடுப்பது ஓர் உண்மையை மட்டும், அதை வைத்துப் பேரம் பேசும் பலத்தை அது கொடுக்கவில்லை. உங்களை மறுத்த விவசாயிகள் விஷயம் புரியாதவர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கவும், அவர்கள் கணக்கு உங்கள் கணக்கைவிடச் சரி.

இப்போது கடைக்காரர் பக்கம் வாருங்கள். நாளொன்றுக்கு 1,000 லிட்டர் எடுக்கிறார் என்றால் ஒரு புள்ளி என்பது 10 கிலோ ரப்பர், அதாவது 2,000 ரூபாய். இங்கே கருவியின் விலை பெரிய தொகையே இல்லை. ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெட்ரோலாக் ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்று இரண்டு பக்கமும் தவறினால் மாதக் கடைசியில் அது ஒன்றுக்கொன்று கழிந்துபோகும், அவர் கவலைப்பட மாட்டார். ஒரே பக்கமாகத் தவறினால்தான் வலிக்கும். அந்த வலி அவருக்கு எங்கே தெரிகிறது? பேரலில் அமோனியா விட்டு அனுப்பிய பாலை பாலைச் சுழற்றிக் கெட்டியாக்கும் சென்ட்ரிஃப்யூஜ் ஃபாக்டரியில் லேப் முறையில் பார்த்து எண் அனுப்பும்போது. இங்கே 35 என்று பணம் கொடுத்து வாங்கியதை அங்கே 33.5 என்று எடுத்துக்கொண்டால், நடுவில் இருப்பதை அவர் கையில் இருந்து கொடுக்கிறார். நான் கருவி காட்டப் போன எந்த ரப்பர் கடையிலும் முதலில் வந்த கேள்வி ஒன்றுதான்: "இது காட்டுற நம்பரை ஃபாக்டரிக்காரன் ஒத்துக்கிடுவானா?" துல்லியம் எவ்வளவு, சென்சார் எந்த நாட்டுது என்று ஒருவரும் கேட்டதில்லை.

எல்லாக் கடைக்காரரும் துல்லியத்தை விரும்புவார் என்றும் நினைக்க வேண்டாம். எண் சொல்வதில் இருக்கும் அந்த ஒரு புள்ளி நெளிவில்தான் சிலருடைய லாபமே இருக்கிறது. பாலில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கொண்டுவரும் தோட்டக்காரருக்கும் குழப்பம் சௌகரியம்தான், அது வேறு கதை. இவர்களுக்கு உங்கள் கருவி உதவி இல்லை, தொந்தரவு. எத்தனை நல்ல நோட்டீஸ் அடித்தாலும் இவர்கள் வாங்க மாட்டார்கள். இவர்களிடம் போய்ப் போய்த் தேய்ந்த செருப்பைப் பார்த்துத்தான் "எங்கள் மார்க்கெட்டிங் பலவீனம்" என்று முடிவுக்கு வந்திருப்பீர்கள். வாங்கக்கூடியவர் யார் என்றால், ஃபாக்டரி எண்ணோடு தன் எண் ஒத்துப்போகாமல் மாதாமாதம் கையைக் கடித்துக்கொள்கிறவர். அல்லது பக்கத்துக் கடையில் இருந்து பாலை இழுக்க நினைக்கிறவர், "எங்க கடையில மெஷின் காட்டுற நம்பர்தான், நீங்களே பாத்துக்கிடுங்க" என்று சொன்னால் தனக்கு ஆள் வரும் என்று கணக்குப் போடுகிறவர். உறுப்பினர்களின் பாலையே வாங்கும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் இதே காரணம் பொருந்தும், அங்கே எண்ணை வைத்து உறுப்பினர்களுக்குள் வரும் மனஸ்தாபம்தான் தலைவலி. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகத்தையும் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். எழுதி வையுங்கள், ஆனால் டெண்டர், ஒப்புதல், பில் என்று போகும் பாதை அது. உங்கள் கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு என்று பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள்.

வாங்கக்கூடிய இந்தக் கொஞ்சம் பேரிடம் எதைக் காட்டுவது? நீங்கள் அனுப்பிய நோட்டீஸில் முதல் பக்கம் ஐ.ஓ.டி., கிளவுட், செயற்கை நுண்ணறிவு. இரண்டாம் பக்கம் லேப் ஒப்பீட்டு வரைபடம். மூன்றாம் பக்கம் பரிசு வாங்கும் படம். கடைக்காரருக்கு இதில் ஒரு வரிகூட வேலைக்கு ஆகாது. அவருக்குக் காட்ட வேண்டியது ஒரு மாத நோட்டு. ஒரே ஒரு கடையில் கருவியைச் சும்மா வையுங்கள். தினமும் மெட்ரோலாக் எண், உங்கள் எண், ஃபாக்டரி அனுப்பிய எண், இந்த மூன்றையும் அவர் கையெழுத்திலேயே அவருடைய பற்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் மூன்று வரிசையையும் கூட்டினால் வித்தியாசம் ரூபாயில் வரும். அது 15,000 என்று வந்தால் நீங்கள் விலை பேச வேண்டியதே இல்லை, அவரே கேட்பார். 600 ரூபாய் என்று வந்தால் உங்களுக்கு அங்கே தொழில் இல்லை, அதையும் ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டீர்கள். ஒரு சாம்பிளில் அரைப் புள்ளித் துல்லியம் என்பதும் ஒரு மாதத்தில் ஃபாக்டரியோடு இத்தனை ரூபாய் வித்தியாசம் என்பதும் உங்களுக்கு ஒரே செய்தியாகத் தெரியலாம். வாங்குகிறவர் காதில் இரண்டாவதுதான் விழும்.

இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நம் ஊர் ஸ்டார்ட்அப் சூழலே வேறு ஒன்றுக்குப் பழக்குகிறது. 2016-இல் மத்திய அரசு ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தைத் தொடங்கிய பிறகு கல்லூரிக்குக் கல்லூரி இன்குபேஷன் மையம், ஹேக்கத்தான், போட்டி, விதை மானியம் என்று வந்துவிட்டது. நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடம் ஸ்லைடு போட்டுக் காட்டும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் நடுவர். நடுவருக்குப் புதுமை பிடிக்கும், சமூக நன்மை பிடிக்கும், அதனால்தான் உங்கள் நோட்டீஸில் ரப்பர் கடைக்காரர் இல்லாமல் ஏழை விவசாயி வந்து நிற்கிறார். மானியம் வந்ததும் அடுத்த ஆறு மாதம் கருவிக்கு ப்ளூடூத் சேர்த்தோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யார் கேட்டார்கள்? இது உங்கள் தனிப்பட்ட பலவீனம் இல்லை. நான் பார்த்த பல தொழில்நுட்ப நிறுவனங்களில், விற்காதபோது நிறுவனருக்கு வரும் முதல் யோசனை இன்னொரு வசதி சேர்ப்பதுதான். கடைக்குப் போய் "வேண்டாம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வருவதைவிடக் புரோகிராம் எழுதுவது மனசுக்குச் சுகம்.

விவசாயம் சார்ந்த இடத்தில் ஒரு புதுப் பொருள் எப்படிப் பரவும் என்பது ஓரளவு நன்றாக ஆராயப்பட்ட விஷயம், இங்கே நான் கொஞ்சம் உறுதியாகவே பேசலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை வந்தபோது, அது எப்படிப் பரவியது என்று ரையன், கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். இரண்டு ஊர்களைச் சேர்ந்த 259 விவசாயிகள். 1928-க்கும் 1941-க்கும் இடையில் இரண்டே பேர் தவிர எல்லாரும் அந்த விதைக்கு மாறினார்கள். விளைச்சல் கூடுதல், வறட்சியைத் தாங்கும், எல்லாம் இருந்தும் பதிமூன்று வருடம் எடுத்தது. விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது யார் மூலம் என்று கேட்டால் பெரும்பாலோர் சொன்னது விதைக் கம்பெனி விற்பனையாளர். போட்டுப் பார்க்கலாம் என்று முடிவெடுக்க வைத்தது யார் என்றால் பக்கத்து விவசாயி. அதிலும் அவர்கள் முதலில் நிலம் முழுக்கப் போடவில்லை, ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்து, பிறகு கூட்டினார்கள். அயோவாவில் நடந்தது அருமனையில் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரம் காதில் போடும், பக்கத்து ஆள்தான் கையைப் பையில் விடவைப்பார் என்பதை இங்கேயும் நான் பார்க்கிறேன். ஆக உங்கள் முதல் மூன்று கருவிகளும் குலசேகரத்தில் ஒன்று, கருங்கலில் ஒன்று, தக்கலையில் ஒன்று என்று சிதறிக் கிடக்க வேண்டாம். ஒரே வட்டாரத்தில், ஒருவர் கடையை இன்னொருவர் தாண்டிப் போகும் தூரத்தில் இருக்கட்டும்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் நடத்தியபோது, பெட்டியில் தேனீ வளர்ப்பதைச் சொல்லிக்கொடுத்ததோடு நிற்கவில்லை. தேனையும் முட்டையையும் கூட்டாகச் சேர்த்து, தரம் பிரித்து, வெளியூருக்கு விற்கவும் ஏற்பாடு செய்தார்கள். தேன்பெட்டி அப்போது புதுத் தொழில்நுட்பம்தான். பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் வீட்டு மருந்துக்கு ஒரு பாட்டில் தேன் என்ற அளவில் நின்றிருக்கும் என்பது என் ஊகம். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றைக்கும் பல தேனீக்காரர்கள் டின் டின்னாக மொத்த வியாபாரிக்குத்தான் கொடுக்கிறார்கள், பெயரின் லாபம் யாருக்குப் போகிறது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

சின்னச் சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், இவற்றில்தான் பல நல்ல கருவிகள் சத்தமில்லாமல் சாகின்றன. நீங்கள் அறிமுகம் செய்தது பிப்ரவரியில். இலை உதிர்ந்து மரம் ஓய்வில் இருக்கும் நேரம், பல தோட்டங்களில் வெட்டே கிடையாது, கடையில் பாலும் இல்லை, காசும் இல்லை. ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் மழைநீர் வெட்டில் இறங்காமல் தடுக்கும் ரெயின் கார்டு போடாத தோட்டங்களில் வெட்டு நிற்கும், அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழையிலும் அதே கதை. கடைக்காரர் கையில் பணம் புரளும் மாதம் எது என்று அவரிடமே கேட்டுக்கொண்டு போங்கள். அடுத்தது ரிப்பேர். பால் ஒட்டிக் காய்ந்தால் எதையும் விடாது, ரப்பர் கடையில் எல்லாப் பொருள்மேலும் ஒட்டுபால் படிந்திருக்கும். பிசின் பிடித்த விரலால் உங்கள் டச் ஸ்கிரீனை அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? காலை எட்டு மணிக்கு வரிசையில் ஆள் நிற்கும்போது கருவி மக்கர் பண்ணினால் கடைக்காரர் அதைத் தூக்கி மேல் தட்டில் வைப்பார், மறுபடி இறக்க மாட்டார். அன்றைக்கே மாற்றுக் கருவி கொண்டுபோய்க் கொடுப்போம் என்று ஒரு வாக்குக் கொடுங்கள், அது உங்கள் மூன்று பக்க நோட்டீஸைவிட அதிகம் விற்கும். இந்த மாவட்டத்துக்குள் இருப்பதால் உங்களால் கொடுக்க முடிந்த வாக்கு அது, வெளிநாட்டு மீட்டர்காரரால் முடியாது. அதுபோல பால் வாங்கும் பணத்தைத் தீர்மானிக்கும் கருவியாக அது போகும்போது, தராசுக்கு இருப்பதுபோல முத்திரை விஷயத்தை யாராவது கிளப்புவார்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது தொழிலாளர் துறை. அங்கே எழுத்தில் கேட்டு ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பிடிக்காத கடைக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார்.

விற்பனை வழியாக ரப்பர்த் தோட்டப் பொருள் விற்கும் கடைகளை நினைத்திருக்கிறீர்கள், கத்தி, கப், ஆசிட், ரெயின் கார்டு விற்கும் கடைகள். யோசனை நல்லது, ஆனால் இப்போது வேண்டாம். அந்தக் கடைக்காரருக்குக் கமிஷன் வேண்டும், கடன் வேண்டும், விளக்கம் சொல்ல நேரம் கிடையாது. ஆள் தேடி வந்து கேட்கும் பொருளைத்தான் அவர் எடுத்துக் கொடுப்பார். தேவையை உண்டாக்கும் வேலையை அவர் தலையில் கட்ட முடியாது.

இப்போது எனக்கே உறுதி இல்லாத பகுதி. உங்கள் சந்தை நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாக இருக்கலாம். குமரி மாவட்டத்தில் சிறு தோட்டக்காரர்களில் நிறைய பேர் பாலாக விற்பதே இல்லை, வீட்டிலேயே உறையவைத்து, ரோலரில் அழுத்தி, புகையில் காயவைத்து ஷீட்டாக விற்கிறார்கள். ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பார்கள், அங்கே டி.ஆர்.சி. மீட்டருக்கு வேலையே கிடையாது. பால் விலை நன்றாக இருக்கும்போது பாலுக்கும், ஷீட் விலை ஏறினால் ஷீட்டுக்கும் மாறுவார்கள். ஆக பால் வாங்கும் கடைகள் உங்கள் வட்டாரத்தில் எத்தனை என்று நான்கு பேரும் பைக்கில் போய் எண்ணிவிட்டு வாருங்கள். அந்த எண்ணிக்கை நூறுக்குள் என்றால், கேரளத்துக்குள் போகாமல் இது நான்கு குடும்பம் பிழைக்கும் தொழில் ஆகாது. அப்படிப்பட்ட நிலையில் எந்த மார்க்கெட்டிங்கும் காப்பாற்றாது. அமெரிக்காவில் ஜூசரோ என்று ஒரு கம்பெனி, பழச்சாறு பிழியும் மெஷினுக்கு 10 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியது. விளம்பரத்துக்கும் பேச்சுக்கும் குறைவே இல்லை. அதே பாக்கெட்டைக் கையால் பிழிந்தாலே சாறு வருகிறது என்று 2017 ஏப்ரலில் செய்தி வெளியானது, செப்டம்பரில் கம்பெனி மூடியாகிவிட்டது. உங்கள் நிலைமை அதற்கு நேர் எதிர், உங்களிடம் நிஜமான பிரச்சினை இருக்கிறது. அதற்குப் பணம் கொடுப்பவர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கிறார்களா என்பது மட்டும்தான் தெரிய வேண்டும்.

கடைசியாக அந்த 40,000 ரூபாய் ஆள். இப்போது வேண்டாம். நாகர்கோவிலில் அந்தச் சம்பளத்துக்கு நல்ல பையன் கிடைப்பான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் யாருக்கு, என்ன சொல்லி, என்ன விலைக்கு விற்பது என்று உங்களுக்கே தெரியாதபோது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பேஸ்புக் பக்கம் தொடங்குவான், வாட்ஸ்அப்பில் போஸ்டர் அனுப்புவான், ஆறு மாதத்தில் 2,40,000 ரூபாய் போயிருக்கும், நீங்கள் "நல்ல மார்க்கெட்டிங் ஆள் கிடைக்கவில்லை" என்று இதே கேள்வியை மறுபடி எழுதுவீர்கள். நால்வரில் யாருக்குக் கூச்சம் குறைவோ அவர் புரோகிராம் எழுதுவதை நிறுத்திவிட்டு இனி கடைகளுக்கு மட்டும் போகட்டும். பத்துக் கருவி தெரியாத ஆட்களுக்கு, தள்ளுபடி இல்லாமல் விற்று, அந்தப் பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே காரணத்தைச் சொல்லி வாங்கியிருந்தால், அந்தக் காரணத்தைக் கையில் கொடுத்து ஒரு ஆளைப் போடலாம். சொந்தக்காரர்களுக்கு விற்ற நான்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதி ஏழு பேரிடம் இந்த வாரமே போய், கருவி தினமும் ஓடுகிறதா, மேல் தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடுகிற இடங்களில் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே அவர்கள் வார்த்தையில் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு விலை சரியா என்பதைப் பற்றி மேலே எழுதுகிறேன், அதைக் கேட்காமல் 32,000 அதிகமா குறைவா என்று சொல்ல எனக்கு வழியில்லை.